மேனேஜரின் மாத்திரை

"உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு" என்று சொல்லித் தன் ரத்த அழுத்த மாத்திரையை விழுங்குகிறார் டாக்ஸி அக்கா. வாழைப்பழத் துண்டுக்குள் ஒளித்த இன்னொரு மாத்திரை மேனேஜரின் வாய்க்குள் போகிறது. உள்ளே இறங்கும்வரை தொண்டையைத் தடவிக்கொடுக்கிறார். பழத்தை மட்டும் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பும் கெட்டிக்காரி மேனேஜர்.

மேனேஜர் அவரது ஒன்பது வயதுப் பெண் நாய். டாக்ஸியின் முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து வருவோர் போவோரையெல்லாம் மேற்பார்வையிடுவதால் அந்தப் பட்டம். அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. வழி தெரியாவிட்டாலும் யாரிடமும் கேட்கமாட்டார். தெருத்தெருவாகச் சுற்றிவிட்டு, "குறுக்கு வழி சார்" என்பார். பின்னால் ஹாரன் அடிப்பவர்களுக்குக் கண்ணாடியை இறக்கி, "றெக்கை இருந்தா பறந்து போ ராசா!" என்று வாழ்த்தும் உண்டு.

போன வருடம் முன் சீட்டு ஈரமாகத் தொடங்கியது. மேனேஜர் தூங்கி எழுந்த இடமெல்லாம் ஈரம். வண்டியில் ஏறியவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். அக்கா திட்டினார், ஒருநாள் முதுகில் ஓர் அடியும் வைத்தார். வீட்டில் விட்டுப்போனால் மகளின் மெத்தை நனைந்தது. "யாருக்காவது குடுத்துடும்மா, என்னால துவைச்சு மாளல" என்றாள் மகள்.

கடைசி முயற்சியாகக் கால்நடை மருத்துவரிடம் போய்ப் புகார் வாசித்தார் அக்கா: "வேணும்னே பண்றா டாக்டர். அவ்வளவும் திமிரு."

"தூக்கத்துல யாராவது வேணும்னே பண்ணுவாங்களாக்கா?" என்று கேட்டார் மருத்துவர். சிறுநீரைச் சோதித்து, கிருமி இல்லை என்று உறுதிசெய்தபின் விளக்கினார். கருத்தடை செய்த பெண் நாய்களில் சிலவற்றுக்கு வயதாகும்போது சிறுநீர்ப்பையின் வாய்த்தசை தளர்ந்துபோகும். கசிவது அவற்றுக்கே தெரியாது. மாத்திரையில் கட்டுப்படும்.

அன்று அக்கா வண்டியை உடனே கிளப்பவில்லை. தான் அடித்த முதுகைத் தடவிக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாராம்.

பத்தே நாளில் சீட்டு காய்ந்தது. "சரியாப் போச்சே" என்று அக்காவே மாத்திரையை நிறுத்தினார். நாலாம் நாள் மெத்தை நனைந்தது. "வைத்தியம் டாக்டரோடது, அதிகப்பிரசங்கித்தனம் என்னோடது" என்று இன்றும் சொல்லிச் சிரிக்கிறார். அதன்பின் ஒருவேளைகூடத் தவறவில்லை. மெத்தையில் பாதியை மகளே இப்போது மேனேஜருக்கு விட்டுக்கொடுக்கிறாள்.

நேற்று ரயில் நிலைய வாசலில், கோட்டு போட்ட ஒருவர் முன் கதவைத் திறந்தார். "பின்னாடி உக்காருங்க சார், இங்க ஆள் இருக்கு" என்றார் அக்கா. சீட்டில் மேனேஜர் சுருண்டு, வாய் லேசாகப் பிளந்து, ஆழ்ந்த தூக்கத்தில் இருந்தாள். வண்டி நகர்ந்ததும் அக்கா கையை நீட்டி ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.