ரிமோட் என் பாக்கெட்டில் இருந்தது

எங்கள் வீடு எரியவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகளிடம் இந்தக் கதையை எப்போது சொன்னாலும், "எரிஞ்ச வீட்லயா இருந்தீங்க?" என்று கண்ணை விரிப்பாள். எரிந்தது எங்களுக்குக் கீழே இருந்த மெத்தைக் கடையின் குடோன். மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஓடும் சந்து ஒன்றில், அந்தக் கடைக்கு மேல் மாடியில் வாடகைக்கு இருந்தோம். நெருப்பு மாடிக்கு ஏறவில்லை. புகைதான் ஏறியது. ஆனால் பஞ்சும் நுரையும் ரெக்சினும் சேர்ந்து எரிந்தால் வரும் புகை, சமையல்கட்டில் வருகிற புகையைப் போல இருக்காது.

அது நடந்தபோது வீட்டில் யாரும் இல்லை. தீயணைப்புக்காரர்கள் போன பிறகு எங்களை உள்ளே விட்டார்கள். ஹால் முழுவதும் கறுப்பு. காலண்டரில் சாமிக்கு முகம் இல்லை. சாத்தி வைத்த பீரோவைத் திறந்தால், மடித்த புடவையின் மடிப்புக்குள்ளேயும் கரி. ஆணியில் தொங்கிய துண்டை அப்பா எடுத்தார். அதன் பின்னால் மட்டும் சுவர் பச்சையாக, துண்டின் அளவுக்கு ஒரு கட்டமாக நின்றது. எங்கள் வீட்டுச் சுவர் பச்சை நிறம் என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அம்மா அழவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தாள். எது நடந்தாலும் வீட்டைக் கழுவிவிடுவது அவள் பழக்கம். சாவுக்குப் போய்வந்தால் கழுவுவாள், மழைத் தண்ணீர் புகுந்து வடிந்தால் கழுவுவாள், வேண்டாத சொந்தக்காரர் வந்துபோனாலும் கழுவுவாள். ஒரு பக்கச் சுவரில் தண்ணீரை அடித்து பிரஷ்ஷால் தேய்த்தாள். கரி போகவில்லை. எண்ணெய் மை மாதிரி வழிந்து, தேய்த்த இடமெல்லாம் பரவி, சுவருக்குள்ளேயே இறங்கிவிட்டது.

மறுநாள் சுத்தம் செய்யும் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கடைக்காரரின் இன்சூரன்ஸில் கட்டடம் முழுவதும் அடங்குமாம். தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடை, முகத்தில் மாஸ்க். அவர்களுடைய சூப்பர்வைசர் மட்டும் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, வீட்டை மூலை மூலையாக மோந்து பார்த்துக்கொண்டே வந்தார். அம்மா கழுவிய சுவர் முன்னால் நின்றுவிட்டார்.

"யக்கா, இந்த வேலைய பாத்தது யாரு?"

"நான்தான். ஏன், சுத்தமா இல்லியா?"

"சுத்தமா பெயின்ட் அடிச்சு வுட்டுக்கீறீங்க. கரி மேல தண்ணி படவே கூடாதுக்கா. மொதல்ல காயவெச்சு ஒத்தி எடுக்கணும்."

"எவ்ளோ நாளாவும்?"

"ஏங்க்கா, அவசரமா?"

அவசரம்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

அப்பாவின் தங்கை கொண்டுவந்த சம்பந்தம் அது. பாலவாக்கத்தில் சொந்த வீடு, தண்ணி லாரி வியாபாரம். அடையாறில் ஒரு வீட்டுக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு, லாரியை ஓட்டுகிறவர்களைத் தெரியும். லாரி வைத்திருக்கிறவர் ஒருவர் நம் வீட்டுப் படி ஏறப்போகிறார் என்பதையே அவரால் நம்ப முடியவில்லை. ஆனால் அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நெருப்பு விஷயம் அவர்கள் காதுக்குப் போகக் கூடாது. "பொண்ணு பாக்க வர்ற நேரத்துல நெருப்பு புடிச்ச வூடுன்னு தெரிஞ்சா, வாசப்படிய கூட மிதிக்க மாட்டாங்க." தள்ளிப்போடலாமே என்று அம்மா கேட்டதற்கு, தள்ளிப்போட்டால் ஏன் என்று கேட்பார்களே என்றாள்.

அதனால் அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மறைப்பதுதான் வேலை. கீழே கடையின் முகப்புக்குப் புது பெயின்ட் அடித்தார்கள். குடோன் பின்பக்கம் என்பதால் தெருவிலிருந்து தெரியாது. அம்மா சந்தில் வீடு வீடாகப் போய், யாரும் வாய் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். இஸ்திரி வண்டிக்காரர் தன் தலையில் தானே கை வைத்துச் சத்தியம் செய்தார்.

மேலே வேலை நடந்தது. தடிமனான ரப்பர் பஞ்சை வைத்து, தேய்க்காமல், ஒரே பக்கமாக இழுத்து இழுத்து எடுத்தார்கள். வெள்ளைப் பஞ்சு ஒரு இழுப்பில் கறுப்பாகும். கறுத்த பக்கத்தை பிளேடால் சீவிவிட்டு மறுபடி இழுப்பார்கள். ஜன்னலோரம் அக்காவின் நர்சிங் புத்தகங்கள் அடுக்கி இருந்தன. இரண்டாம் வருடம் முடியப்போகிறது அவளுக்கு. சூப்பர்வைசர் ஒரு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, தூக்கிப் போட்டுவிடலாம் என்றார். அம்மா அதை அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள் அம்மா. அப்படிப்பட்டவள் ஒரு ரப்பர் பஞ்சைக் கேட்டு வாங்கிக்கொண்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பித் திருப்பித் துடைத்தாள். எலும்புக்கூடு படம் வந்த பக்கத்தில் மட்டும் கொஞ்சம் முகத்தைச் சுளித்தாள்.

பிறகு ஒரு இயந்திரம் வைத்தார்கள். ஜன்னல், கதவு எல்லாம் சாத்தி, உள்ளே யாரும் போகக் கூடாது. அது ஓடி முடிந்தால் வாசனை போய்விடுமாம். போயும் விட்டது. சூப்பர்வைசர் பெருமையாகக் கதவைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போனார். அந்தச் சமயம் பார்த்து அத்தை வந்தாள். கண் பட்ட வீடு என்று சொல்லி, தணல் நிறைய சாம்பிராணி போட்டு மூலைக்கு மூலை காட்டிவிட்டாள். திரும்பி வந்த மனிதர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"யம்மா, நான் பொகைய எடுக்கறேன். நீ பொகைய போடுறியே!"

"இது சாமி பொகைய்யா. இது வேற."

எனக்கும் ஒரு வேலை இருந்தது. வீட்டுக்குள்ளேயே இருந்து இருந்து எல்லோருக்கும் மூக்கு மரத்துப்போயிருந்தது. வாசனை இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் அம்மா என்னைத் தெருமுனைக்கு ஓடவிடுவாள். அங்கே பூக்கடை ஓரமாக நின்று நன்றாக மூச்சு வாங்கிவிட்டு, ஓடிவந்து வீட்டுக்குள் மோந்து பார்த்துச் சொல்ல வேண்டும். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இருக்கிறது என்றால் அப்பா முகம் தொங்கிவிடும். இல்லை என்று சொன்னால் நம்பமாட்டார்கள், மறுபடியும் ஓடு என்பார்கள். படுத்தால் கனவிலும் மோந்துகொண்டிருந்தேன்.

எல்லாவற்றுக்கும் மேலே ஏசி. அப்பா வேலை பார்த்த வீட்டில் புதிது வாங்கியபோது கொடுத்த பழைய ஏசி. ஹாலில் மாட்டியிருந்தோம். சூப்பர்வைசர் அதன்மேல் ஒரு மஞ்சள் காகிதத்தை ஒட்டினார். "இத்த மட்டும் தொடாதீங்க. மெக்கானிக் திங்கக்கெழமதான் வருவான். அவன் கழட்டிக் கழுவற வரைக்கும் போடவே கூடாது. உள்ள பூரா கரி கீது. போட்டா மொத்தமா மூஞ்சில துப்பிடும்." சிக்கல் என்னவென்றால், வீட்டில் ஏசி இருக்கிறது என்று அப்பா பாலவாக்கத்துக்காரர்களிடம் முன்பே பெருமையடித்திருந்தார்.

ஞாயிறு காலையில் அம்மா அந்த மஞ்சள் காகிதத்தைக் கிழித்தெடுத்தாள். ரிமோட்டை என் டிரவுசர் பாக்கெட்டில் போட்டு, மேலே கை வைத்து அழுத்தினாள்.

"எவன் கேட்டாலும் குடுக்காத. உங்கப்பன் கேட்டாலும் குடுக்காத. இன்னா?"

நான் தலையாட்டினேன். அக்காவின் கல்யாணமே என் பாக்கெட்டில் இருப்பதாக எனக்குத் தோன்றியது.

வந்தார்கள். நல்ல சித்திரை வெயில். மாப்பிள்ளையின் அம்மா சந்தனக் கலர் பட்டுப் புடவையில் வந்திருந்தார். அப்பா மரியாதையாக அவரை நல்ல நாற்காலியில் உட்காரவைத்தார். அந்த நாற்காலி நேராக ஏசிக்குக் கீழே இருந்தது. மாப்பிள்ளை தன் பேண்ட் மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அப்பா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏசி கீதுன்னியே, போடலாமே?"

அப்பா திருதிருவென்று விழித்தார். அம்மாதான் முந்திக்கொண்டாள். "கரண்டு ரொம்ப லோவா கீதுங்க. போட்டா கெட்டுப்பூடும்."

நான் பாக்கெட்டுக்குள் ரிமோட்டை இறுக்கிப் பிடித்தேன். கை வேர்த்து வழுக்கியது. மாப்பிள்ளையின் அம்மா மூக்கை உறிஞ்சி, இது என்ன வாசனை என்றார். புது பெயின்ட் என்றாள் அத்தை. அதுவும் தாண்டியது. கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது. அக்கா காபித் தட்டோடு வந்து நின்றாள். இன்னும் கொஞ்ச நேரம்தான், போய்விடுவார்கள் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்போது படிப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. எனக்கு அது முக்கியமாகவே படவில்லை. என் கண்ணெல்லாம் ஏசிமேல்தான்.

"நர்ஸு படிப்பெல்லாம் எதுக்கு? ஊர்ல கீறவன் புண்ணையெல்லாம் தொடச்சிக்கினு. இதோட நிறுத்திக்கட்டும்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"அதுக்கின்னாங்க, நிறுத்திட்டா போச்சு" என்றார் அப்பா.

அக்கா காபித் தட்டை நீட்டாமல் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "பாதி முடிச்சிட்டேங்க" என்றாள் மெதுவாக.

"இன்னாமா, பொண்ணு நல்லா பேசுதே!" என்று சிரித்தார் அந்த அம்மா.

அம்மா ஒரு அடி முன்னால் வந்தாள். "படிப்ப முடிச்சிக்கட்டுமே. ஆசையா படிக்கிது."

"முடிச்சிட்டு இன்னா பண்ணப்போவுது? அடுப்புக்கு ஊசி போடப்போவுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா நிமிர்ந்து ஏசியைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் விசிறிக்கொண்டு சொன்னாள்.

"ரொம்ப வேக்காடா கீது இல்ல? பாவம், வேர்த்து ஊத்துது உங்களுக்கு. டேய், அந்த ரிமோட்ட எடு."

நான் பாக்கெட்டைக் கையால் மூடிக்கொண்டேன். "எந்த ரிமோட்டு?" என்றேன்.

"பாக்கெட்ல கீது பாரு. அதான்."

இது சோதனையா? என்னைச் சோதித்துப் பார்க்கிறாளா? கண்ணாலேயே வேண்டாம் என்று காட்டினேன். அவள் கையை நீட்டியபடி நின்றாள்.

"கரண்டுதான் லோவாச்சேம்மா."

"இப்போ வந்துடுச்சு. குடு."

கொடுத்தேன். அப்பா எழுந்திருக்கப் பார்ப்பதற்குள் அம்மா அழுத்திவிட்டாள். ஏசியின் வாய் மெதுவாகத் திறந்தது. முதலில் ஒரு உறுமல் மட்டும். ஒன்றும் ஆகவில்லை, தப்பித்தோம் என்று நினைத்தேன். அப்புறம் அது ஒரு முறை செருமியது. கொத்துக் கொத்தாகக் கரி பறந்து வந்தது. சந்தனக் கலர் பட்டில் விழுந்தது, கொண்டைப் பூவில் விழுந்தது, கேசரியில் விழுந்தது. கூடவே வாசனை. கீழே எரிந்த அத்தனை மெத்தைகளும் அந்த ஹாலுக்குள் வந்து மறுபடி எரிவது போல ஒரு நாற்றம்.

மாப்பிள்ளையின் அம்மா போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்டது. வாரம் முழுவதும் வாயைக் கட்டி வைத்திருந்த இஸ்திரிக்காரர், பக்கெட் தண்ணீரோடு மாடிப்படி ஏறி ஓடிவந்தார்.

"இன்னாம்மா, மறுபடியும் பத்திக்கிச்சா?"

அதற்கு மேல் மறைக்க ஒன்றும் இருக்கவில்லை. அவர்கள் காபிகூடக் குடிக்காமல் போனார்கள். மாப்பிள்ளை மட்டும் படியில் நின்று, கையில் மிச்சமிருந்த பஜ்ஜியை வாயில் போட்டுக்கொண்டு போனார்.

அப்பா கத்திய கத்தல் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "மண்டைல இன்னா கீது உனக்கு? வாரம் பூரா எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தியே!"

"மறந்துட்டேன்" என்றாள் அம்மா. அவ்வளவுதான். அத்தை கேட்டபோதும் அதேதான். திங்கட்கிழமை சூப்பர்வைசர் வந்து, துடைத்து முடித்த ஹாலைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "சொன்னேனா இல்லியாக்கா?" "சொன்ன நைனா. மறந்துட்டேன்" என்று சொல்லி, அவருக்கு டீ போடப் போனாள்.

எனக்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது. காலையில் சொன்னதை மத்தியானத்துக்குள் மறக்கிற அம்மா, நாளைக்கு என்னையே மறந்துவிட்டால்? பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று, எந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு போவது என்று தெரியாமல் முழித்தால்? வல்லாரைக் கீரை தின்றால் ஞாபகம் வளரும் என்று எங்கள் டீச்சர் சொல்லியிருந்தார். அக்காவிடம் போய், மார்க்கெட்டில் வல்லாரை வாங்கித் தா என்று கேட்டேன். யாருக்கு என்றாள். சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகு குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

அன்று மாலை அவளே வாங்கிவந்து, துவையல் அரைத்து, அம்மா தட்டில் வைத்தாள். "உனக்கு ஞாபகசக்தி வரணுமாம். தம்பி வாங்கச் சொன்னான்." அம்மா அவளைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்துகொண்டார்கள். எனக்கோ அந்தக் கசப்பு நாக்கில் பட்டாலே ஆகாது. அம்மா ஒரு பொட்டு மிச்சம் வைக்காமல் வழித்துச் சாப்பிட்டாள்.

அவள் கை கழுவி வரும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டேன்.

"ம்மா, நான் எந்த கிளாஸு? சொல்லு."

சொன்னாள். செக்ஷன்கூடச் சரியாகச் சொன்னாள். வல்லாரை இவ்வளவு சீக்கிரம் வேலை செய்யும் என்று நான் நினைக்கவே இல்லை.