போறணைப் பக்கத்து யன்னல்

எங்கள் மூத்தவன் பிறந்தது அடைமழைக்குள். ஐப்பசியில் பிடித்த மழை மார்கழி வந்தும் விட்டபாடில்லை. கடலிலிருந்து ஏறிவரும் வாடைக்காற்று, ஓர்ஸ் ஹில்லுக்குக் கீழே ஒதுங்கிக் கிடந்த எங்கள் குறுகிய தெருவான ஒழுங்கையையும் தேடிப் பிடித்து அடித்தது. மாரியில் பிள்ளை பெறுகிறவளுக்குப் புத்தி மட்டு என்று ஊரில் நாலு பேர் என் காதுபடவே சொன்னார்கள். மாதத்தைப் பார்த்துப் பிள்ளை பெற எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பல் வந்து நின்றுவிட்டால் வீடு என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துவிடும். ஆகவே என்னைப் பார்த்துக்கொள்ள அவருடைய அக்கா, என் மச்சாள், தம்பலகாமத்திலிருந்து இரண்டு மூட்டைகளோடு வந்திறங்கினார். ஒன்றில் பத்தியத்துக்கான சரக்குச் சாமான். மற்றதில் பழைய நெல்லுச் சாக்குகள். சாக்கு எதற்கென்பது அன்று பின்னேரமே தெரிந்தது. யன்னலைப் பூட்டி, அதன்மேல் சாக்கை ஆணியடித்துத் தொங்கவிட்டு, ஓட்டு இடுக்குகளிலும் கடதாசி அடைத்துவிட்டார்.

அவருடைய இரண்டாவது பிள்ளை ஒரு மாரியில் நெஞ்சுச்சளி கட்டி இறந்துபோனது. யன்னலால் வந்த காற்றுத்தான் கொண்டுபோனது என்று அவர் நம்பினார். அதை அறிந்தவள் எப்படி அவரோடு சண்டை பிடிப்பது? வாய் திறந்து பிடிக்கவில்லை. மனதுக்குள் நன்றாகப் பிடித்தேன்.

வீடு வீடாக வந்து பிள்ளைகளைப் பார்க்கும் மருத்துவிச்சி, “அறைக்குள்ள கொஞ்சம் காத்து வரட்டும்” என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். மச்சாள் “ஓம், ஓம்” என்று சாக்கைத் தூக்கிச் சொருகுவார். மருத்துவிச்சியின் குடை ஒழுங்கை முடக்கில் மறைந்ததும் சாக்கு பழைய இடத்துக்கு இறங்கிவிடும்.

பெரிய கரைச்சல் பிள்ளைத் துணிதான். இவன் நனைக்கிற வேகத்துக்குக் காயவைக்க வெயில் இல்லை. அறை முழுவதும் கொடி கட்டியிருந்தோம். நான் ஈரத் துணிகளுக்குக் கீழே குனிந்து குனிந்து நடந்தேன். ஆனால் எங்களுக்குப் பக்கத்திலேயே, பாண் ரொட்டி சுடும் பெரிய போறணை அடுப்போடு ஒரு பேக்கரி இருந்தது. எங்கள் அறை யன்னலுக்கும் அவர்கள் முற்றத்துக்கும் நடுவில் ஒரு மதில் மட்டும். பேக்கரிக்காரரின் மனைவியை நாங்கள் ராத்தா என்போம். முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள். ஆறு பிள்ளை பெற்றவர். ஒருநாள் மதிலுக்கு மேலால் கேட்டார்.

“அந்தத் துணியெல்லாம் எனக்கிட்டத் தாங்க மகள். போறணைக்குப் பின்னால விறகு காயப்போடுற கொட்டில் இரிக்கு. கொஞ்ச நேரத்தில காஞ்சிரும்.”

எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. மச்சாள் விடவில்லை. “வேண்டாம் ராத்தா, உங்களுக்கேன் கரைச்சல்” என்று அவருக்குச் சிரித்தபடி சொல்லிவிட்டு, என்னிடம் திரும்பி, “துடக்குத் துணியை அடுத்த வீட்டுக்குக் குடுக்க ஏலாது” என்றார். பிள்ளைப்பேற்றுத் தீட்டைத்தான் அப்படிச் சொன்னார். ராத்தாவுக்கு விளங்கியிருக்கும். அவர் திரும்பக் கேட்கவில்லை.

பிள்ளை பெற்றவளின் கட்டிலுக்கு அடியில் ஒரு சட்டியில் சிரட்டைக்கரித் தணல் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மழை மூசிப் பெய்த ஒரு மத்தியானம், ஒரு காய்ந்த துணிகூட இல்லை என்றானதும், மச்சாள் இன்னொரு பெரிய சட்டியிலும் தணல் போட்டு அறைக்குள் கொண்டுவந்தார். துணிகளை அதைச் சுற்றி விரித்துவிட்டுக் கதவையும் சாத்தினார். அறை கதகதவென்று இருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் தலை இடித்தது. நித்திரை போதாது என்று நினைத்தேன். தினமும் அந்நேரத்துக்குக் கத்தி வீட்டைத் தூக்கி நிறுத்தும் பிள்ளை, சேலையில் கட்டிய ஏணைக்குள் சத்தமில்லாமல் கிடந்தான்.

“பாத்தியோ, சூடு பட்ட உடன என்ன மாதிரி நித்திரை கொள்ளுறான்” என்றார் மச்சாள். அவருக்கும் கண் சொக்கியது. சுவரில் சாய்ந்துகொண்டார். அப்பாடா என்று நானும் கண்ணை மூடினேன்.

கதவு தட்டிய சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. மச்சாள் தள்ளாடி எழும்பித் திறந்தார். ராத்தா குடையோடு நின்றார்.

“புள்ளட சத்தத்தக் காணல்ல. இந்நேரம் மதில் அதிரக் கத்துறவன்.”

“நித்திரை, ராத்தா.”

“ஒருக்காப் பாத்திட்டுப் போறன்.”

உள்ளே ஓரடி வைத்து, தணல் சட்டிகளையும் பூட்டிய யன்னலையும் கண்டதும் அவருடைய முகம் மாறியது. நேரே ஏணையடிக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கினார். அவனுடைய தலை அவர் கைக்கு வெளியே சரிந்து தொங்கியது.

“ரெண்டு பேரும் வெளிய வாங்க. உடன வாங்க.”

அவனை அணைத்துக்கொண்டு விறாந்தைக்கு விரைந்தார். அங்கே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மச்சாள் பின்னாலேயே ஓடிப் பிள்ளையைப் பிடித்து இழுத்தார். “காத்துப் படுது ராத்தா, தாங்கோ பிள்ளையை.”

ராத்தா கொடுக்கவில்லை. “அக்கா, இவனுக்கு இப்ப காத்துத்தான் வேணும்” என்றார்.

நான் சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்து வாந்தி எடுத்தேன். ராத்தா அவனுடைய உள்ளங்காலைத் தேய்த்தபடி இருந்தார். மூச்சு இருந்தது, ஆனால் கண் திறக்கவில்லை. சாம்பல்தீவுக்குப் பாண் கொண்டுபோக நின்ற பேக்கரி வான் வண்டியில் எங்கள் மூவரையும் பிள்ளையோடு ஏற்றினார்கள். சூடான பாண் வாசத்துக்குள், ஒரு கண்ணாடியும் பூட்டாமல், எல்லோரும் தெப்பமாக நனைந்தபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாதி வழியில் அவன் முனகினான். ஆஸ்பத்திரி வாசலில் வாய்விட்டுக் கத்தினான். பிறந்த நாள் தொடக்கம், அழாதே ராசா என்று அவனைக் கெஞ்சியவள் நான். அன்றைக்கு நிறுத்தாதே என்று கெஞ்சினேன்.

பூட்டிய அறையில் தணல் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத நஞ்சு சேரும், இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் மூன்று பேரும் எழும்பியிருக்க மாட்டீர்கள் என்றார் டொக்டர். மறுநாள் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்றார். மச்சாளைத் திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன். அவர் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையின் நுனியில், முழங்காலில் முகத்தைப் புதைத்து இருந்தார்.

“நான்தான் பிள்ளையைக் கொல்லப் பாத்தனான்.”

“இல்லை மச்சாள். நீங்கள் காப்பாத்தத்தான் பாத்தனீங்கள்” என்றேன். அதற்குமேல் திட்ட எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் செய்த வேலை, யன்னல் சாக்குகளை ஆணியோடு பிடுங்கியது. பிறகு ஈரத் துணிகளை மூட்டையாகக் கட்டி, தானே தூக்கிக்கொண்டு பேக்கரி வாசலுக்குப் போனார். ராத்தா மூட்டையை வாங்கிக்கொண்டு நேரே கொட்டிலுக்கு நடந்தார். மருத்துவிச்சி இந்தக் கதையை ஒழுங்கை முழுக்கச் சொல்லிவைத்தார். அந்த மழை முடிவதற்குள் இன்னும் மூன்று வீட்டுப் பிள்ளைத் துணி அந்தக் கொட்டிலில் காய்ந்தது. ஒரு வீட்டிலும் தணல் அறைக்குள் போகவில்லை. “நான் பாண்கடை நடத்துறனோ, லோண்ட்ரி நடத்துறனோ?” என்று பேக்கரிக்காரர் முறைப்பட்டார். ஆனால் புதுக் கொடி கட்டியதும் அவர்தான்.

துடக்குக் கழிவன்று பிள்ளைக்குத் தலைமயிர் வழித்து முழுகவார்த்தார்கள். அவன் கழுத்து நரம்பு புடைக்க வீரிட்டான். வந்திருந்த சொந்தக்காரர் ஒருவர், “காத்து வருது, அந்த யன்னலைச் சாத்துங்கோ” என்றார். மச்சாள் எழும்பிப் போனார். சாத்துவதற்குத்தான் என்று நினைத்தேன். பாதி திறந்திருந்த கதவுகளை அகலத் தள்ளி, கம்பிகளைப் பிடித்துக்கொண்டு மதில் பக்கம் பார்த்துக் கேட்டார்.

“ராத்தா, கேக்குதோ?”

“கேக்குது அக்கா” என்று போறணைப் பக்கமிருந்து குரல் வந்தது. “கத்தட்டும், விடுங்க.”