வேகத்தைத் தின்ற எக்ஸ்டென்ஷன்

என் அக்கா வீடு வீடாகப் போய் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவள். முன்கோபம் எங்கள் குடும்பச் சொத்து. அதில் பெரும்பங்கு அவளுக்குத்தான். மெதுவாக ஓடும் பிரவுசரைக் கண்டால் பரம விரோதியைக் கண்டதுபோல் பல்லைக் கடிப்பாள். அதில் ஒட்டிக்கொண்டு வேகத்தைத் தின்னும் குட்டி நிரல்களை, அதாவது வேண்டாத எக்ஸ்டென்ஷன்களை, யாரையும் கேட்காமல் பிடுங்கி எறிவாள்.

அன்று அவளைக் கூப்பிட்டவள் ஒரு நர்ஸ். கணவன் வேலைக்குப் போகவிடாமல் வீட்டில் உட்கார வைத்திருந்தான். வெளியூரில் தங்க இடத்தோடு வேலை; மாலை ஐந்துக்குள் விண்ணப்பம் போகவேண்டும். ஒரு பக்கம் திறப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டதென்று விண்ணப்பத் தளம் அவளை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அவள் கழுத்தில் விரல் தடங்கள்.

"நான் எதைப் பாத்தாலும் ராத்திரி வந்து கரெக்டா சொல்லிடறாருக்கா. எப்படின்னே தெரியல."

அக்காவுக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது. ஐந்து நொடிக்கு ஒருமுறை திரையைப் படமெடுத்து அவள் கணவனுக்கு அனுப்பும் எக்ஸ்டென்ஷன் ஒன்று ஒளிந்திருந்தது.

"படுபாவி!" என்று அதை நீக்கினாள். பிரவுசர் பறந்தது. நர்ஸ் சிரித்தபடி விண்ணப்பத்தை நிரப்ப ஆரம்பித்தாள்.

படம் நின்றால் அவன் போனில் மணியடிக்கும் என்று இருவருக்குமே தெரியாது. அவன் கடை தெருமுனையில்தான். பத்தே நிமிடத்தில் வந்து கதவை உள்ளே தாழிட்டான். மனைவியின் தலைமுடியைப் பிடித்து அவள் நெற்றியை மேஜை விளிம்பில் இடித்தான். ஒருமுறை அல்ல, மூன்று முறை. அக்கா கருவிப் பையைச் சுழற்றி அவன் மூக்கை உடைத்தாள். அவன் அவள் வயிற்றில் உதைத்தான். விழுந்தவள் அவன் காலைக் கட்டிப் பிடித்துக் கடித்தாள்.

"அனுப்புடி!" என்று கத்தினாள்.

நர்ஸ் விசைப்பலகையில் ரத்தம் சொட்டச் சொட்டப் பொத்தானை அழுத்தினாள். கண்மூடித் திறப்பதற்குள் விண்ணப்பம் போய்விட்டது. அடுத்த நிமிடம் அந்த விசைப்பலகையாலேயே அவன் அவள் முகத்தில் அடித்தான். பக்கத்து வீட்டார் கதவை உடைத்து வந்தபோது அவளுக்கு நினைவில்லை.

அவன் சிறைக்குப் போனான், அழுகட்டும். அவளுக்கு இடது கண் போனது. வேலைக்கு அழைப்பு வந்த நாளில் கட்டோடு படுத்திருந்தாள்.

"நீ என்னக்கா பண்ணுவ? அவன் மிருகம்" என்றேன் நான்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை.

"என் பையில லேப்டாப் இருந்துச்சுடி. அதுலயே அனுப்பியிருக்கலாம்."