கரியாலூர் மேட்டில் நின்ற சூரிய வளையம்

மலைமேல் இருக்கும் கரியாலூரில் வெயிலே வரவில்லை. கார்த்திகை மாதத்து மூடுபனி. வெயில் இல்லாமல் நான் எடுத்திருந்த வேலையை முடிக்க முடியாது.

கள்ளக்குறிச்சியில் கரும்பு டிரெய்லரும் இரும்பு கேட்டும் செய்துகொண்டிருந்த வெல்டர் நான். சுற்றுலாப் பயணிகள் வந்து நிற்கும் மேட்டில் வைக்க ஒரு சிற்பம் கேட்டார்கள். ஆளைவிட உயரமான வளையம். நடுவில் வடக்கே துருவ நட்சத்திரத்தைக் குறிவைத்து ஒரு நீளக் கம்பி. கம்பியின் நிழல் வளையத்தின் உட்பக்கம் விழுந்து நேரம் காட்டும். வரைந்து கொடுத்த சிற்பி மேடம் சென்னையிலிருந்து போனில் சொன்னார்: "உச்சி வேளையில நிழல் அடிக்கோட்டுல விழணும். அந்த நிமிஷமே தரையில பதிச்ச பேஸ் பிளேட்டோட வெல்ட் வெச்சுடுங்க. அடுத்த வாரம் திறப்பு விழா."

என் மனைவி இறந்த வருஷம் அது. வீட்டில் இருக்க முடியாமல்தான் மலை வேலைக்கு ஒப்புக்கொண்டேன். மழையில் வேலை நின்றதும் கூட வந்த ஆட்கள் ஊருக்கு இறங்கிவிட்டார்கள். நான் மேட்டில் போட்டிருந்த ஷெட்டிலேயே தங்கினேன். எதிரே டீக்கடை நடத்திய சின்னப்பொண்ணு ஏதாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவேன். யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

ஒருநாள் உச்சி நெருங்கும்போது பனி சட்டென்று விலகியது. ஜெனரேட்டரைப் போட்டுவிட்டு, கடப்பாரையை அடியில் கொடுத்து வளையத்தைத் திருப்பினேன். நிழல் கோட்டுக்கு வந்தது. கடப்பாரையை விட்டதும் காற்றில் வளையம் நகர்ந்துவிட்டது. மறுபடி திருப்பினேன், மறுபடி நகர்ந்தது. பிடிக்க ஒருவர், வெல்ட் வைக்க ஒருவர் வேண்டும். கிழக்கே அடுத்த பனி ஏறிக்கொண்டிருந்தது.

கடையைப் பார்த்துக் கத்தினேன். "யம்மா! கொஞ்சம் வாம்மா!"

சின்னப்பொண்ணு அடுப்பைத் தணித்துவிட்டு ஓடிவந்தார். "இன்னாங்கண்ணா ஆச்சு?"

நிழலை மறுபடி கோட்டுக்குக் கொண்டுவந்து, கடப்பாரையை அவர் கையில் கொடுத்தேன். "இத அழுத்திப் புடிச்சுக்க. மூஞ்ச அந்தாண்ட திருப்பிக்க, கண்ணு போயிடும்."

"கை வலிக்குதுண்ணா."

"வலிக்கட்டும். வுட்டுடாத."

வளையம் அசையாமல் இருக்க நாலு பக்கமும் டேக், அதாவது சின்ன வெல்ட் பொட்டு, வைத்தேன். எழுந்து பார்த்தபோது நிழல் கோட்டின் மேலேயே இருந்தது. சிறிது நேரத்தில் பனி மூடிவிட்டது.

சின்னப்பொண்ணு கையை உதறிக்கொண்டே கேட்டார்: "எங்க வூட்டுக்காரரு கேரளாவுல மொளகுத் தோட்டத்துல கீறாரு. அங்கயும் இப்ப உச்சிதானா?"

"கேரளா மேக்கால கீதும்மா. அங்க உச்சி கொஞ்சம் லேட்டாதான் வரும்."

"அப்போ அவருக்கு இன்னும் சாப்பாட்டு நேரம் ஆவல." மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "உங்க வூட்ல யாரு கீறாங்கண்ணா?" என்றார்.

"யாரும் இல்லம்மா. போன தையில அவ போயிட்டா."

அதை வாய்விட்டு ஒருவரிடம் சொன்னது அன்றுதான். சின்னப்பொண்ணு என் பக்கம் திரும்பினார். பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்து, "அவங்க பேரு இன்னாங்க?" என்றார். சொன்னேன். அதற்குமேல் நானாகவே பேச ஆரம்பித்துவிட்டேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒற்றை ஆளால் பிடிக்க முடியாததைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். வாயைத் திறந்து பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்கள்.