தன் சீட்டைப் பார்க்காதவர்

செம்பூரிலிருந்து கடைசி ஸ்டேஷனான வி.டி. போகும் காலை மின்வண்டியில், மடியில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு நாங்கள் நால்வர் 'கழுதை' என்ற சீட்டாட்டம் ஆடுவோம். ஆளுக்கு நாலு சீட்டு. ஒவ்வொன்றாகப் பக்கத்து ஆளுக்குத் தள்ள வேண்டும். யாரிடமாவது ஒரே மாதிரி நாலும் சேர்ந்துவிட்டால் எல்லோரும் பெட்டிமேல் கை வைக்க வேண்டும். கடைசியாக வைப்பவன் கழுதை. கழுதை தன் இடத்தை விட்டுவிட்டு வி.டி. வரை நிற்கும்.

எதிரே உட்காருகிறவர் திருநெல்வேலிக்காரர். ஒல்லி உடம்பு, விரலெல்லாம் தோல் பட்டறைச் சாயம். வருகிற சீட்டைப் பார்க்கக்கூட மாட்டார். எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நானோ சீட்டுகளை நினைவில் வைப்பது பற்றி ஆங்கிலப் புத்தகமே படித்தவன். அடிக்கோடும் போட்டிருந்தேன். அந்த வாரம் நாலு நாளும் நின்றுகொண்டுதான் போனேன்.

வெள்ளிக்கிழமை குர்லா தாண்டியதும் எனக்கு நாலாவது ராஜா வந்தது. முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு, மற்றவர்கள் அசரட்டும் என்று ஒரு நொடி காத்திருந்தேன். அதற்குள் பெட்டிமேல் சாயக் கை விழுந்தது. அதன்மேல் இன்னும் இரண்டு. என் கை கடைசி.

"அண்ணாச்சி, உங்ககிட்ட நாலும் சேர்ந்துடுத்தா?"

"எங்கிட்ட ஏது? உங்ககிட்டல்லா சேந்திருக்கு."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இவ்வளவு நேரமும் உதட்டை அசைச்சு எண்ணிக்கிட்டே வந்தீய சார். திடீர்னு நிறுத்திட்டீய."

ராஜாக்களைக் கொடுத்துவிட்டு எழுந்தேன். அடுத்த ஆட்டத்தில் அவர் யாரிடம் எதைக் கவனிக்கிறார் என்று மேலிருந்து கண்கொட்டாமல் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. வி.டி.யில் வண்டியே காலியான பிறகும் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தேன்.