திங்கட்கிழமை மனுசன்

ஜெர்மனியில் நாங்கள் இருக்கிற கட்டடத்தில் தண்ணீருக்கும் குப்பைக்கும் ஆள் கணக்கில் காசு அறவிடுவார்கள். வீட்டில் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்களோ அத்தனை பங்கு. பதினொரு வருடங்களுக்கு முன்பு என் கணவருக்குத் தூரத்து நகரமான ஹாலேயில் வேலை கிடைத்தபோது, இந்த எர்லாங்கன் வீட்டுப் பதிவிலிருந்து அவருடைய பெயரை எடுத்துவிட்டோம். கிழமையில் ஒரு நாள் வந்து கை கழுவிவிட்டுப் போகிறவருக்கு எதற்கு ஒரு பங்குக் குப்பைக் காசு? அதுதான் எங்கள் கெட்டித்தனம். எங்களுடைய தமிழ் ஆட்களுக்கு இந்த மாதிரிக் கெட்டித்தனத்துக்கு ஒருநாளும் குறைவில்லை.

அவர் இத்தாலிய உணவகம் ஒன்றில் சமையல்காரர். எர்லாங்கனில் அவர் வேலை செய்த கடையை மூடிவிட்டார்கள். மகள் அப்போது பள்ளிக்கூடத்தில். எனக்கோ இங்கே முதியோர் இல்லத்துச் சலவை அறையில் அரைநாள் வேலை. அதனால் அவர் மட்டும் போனார். "பிள்ளையின்ரை படிப்பு முடியட்டும், வந்திடுவன்" என்றார். பிள்ளை படித்து முடித்து, மியூனிக்கில் வேலை எடுத்து, கலியாணமும் கட்டிவிட்டாள். அவர் வரவில்லை. ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் என்றார். முதலாளி நல்லவர், சம்பளம் பிந்தாது, கடைக்கு மேலேயே வாடகைக்கு ஓர் அறை. இந்த வயதில் வேறு யார் வேலை தருவார்கள் என்று நானும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். அது என்னுடைய பிழை.

கடைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. விடிய முதல் ரயிலேறி, காசு மிச்சம் பிடிக்கவென்று மெதுவான ரயில்களில் மாறி மாறி, பதினொரு மணிக்கு வந்து சேருவார். உடம்பு முழுக்க உள்ளி மணக்கும். குளித்து, நான் அவித்த புட்டைச் சாப்பிட்டுவிட்டு, கதைத்துக்கொண்டிருக்கும்போதே கதிரையில் நித்திரையாகிவிடுவார். செவ்வாய்க்கிழமை நான் எழும்பித் தேத்தண்ணீர் வைக்கும்போது சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நிற்பார். இதைக் குடும்பம் என்று சொல்லலாம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நாங்கள் சண்டை பிடிப்பதே இல்லை என்று என்னோடு வேலை செய்கிற பெண்கள் பொறாமைப்படுவார்கள். கிடைக்கிற ஒரு நாளை யாராவது சண்டையில் செலவழிப்பார்களா? எனக்கு ஆசையாக இருந்ததே அதற்குத்தான். ஒரு புதன்கிழமை, ஒன்றுமில்லாத விசயத்துக்கு, ஈரத் துவாயைக் கட்டிலில் போட்டதற்கு, அவரோடு சத்தம் போட வேண்டும். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அடுத்த அறைக்குள் இருக்க வேண்டும். பின்னேரம் சாப்பாடு போடும்போது யார் முதலில் கதைப்பது என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். இதையெல்லாம் யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள்.

பின்னேரம் மூன்று மணிக்கு அவருக்கு இடைவேளை. தொலைபேசியில் முகம் பார்த்துக் கதைப்போம். நான் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு மரக்கறி வெட்டுவேன். பாதியில் அங்கே சத்தம் நின்றுவிடும். பார்த்தால் வாயைத் திறந்தபடி நித்திரை. நான் துண்டிக்க மாட்டேன். அந்த மூச்சுச் சத்தம் குசினிக்குள் கேட்டுக்கொண்டிருந்தால் வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கும்.

போன வருடம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் சலவை அறைக்குப் போன் வந்தது. பேசியவர் முதலாளி. வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து கத்தி விழுந்ததாம், எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லையாம். பக்கவாதம். உயிர் தப்பியது. பேச்சும் தப்பியது. வலது கால் கொஞ்சம் இழுபடும். வலது கைதான் தோளிலிருந்து சும்மா தொங்கியது. மருத்துவமனை, அதன்பிறகு பயிற்சி நிலையம் என்று இரண்டரை மாதம் போனது. கடைசியில் ஒரேயொரு பையோடு எர்லாங்கனுக்கு வந்தார்.

"கை கொஞ்சம் சரிவர நான் போயிடுவன்" என்று வந்த அன்றே சொன்னார். உள்ளே எனக்குச் சந்தோசம். வருத்தம் பிடித்த மனுசனைப் பார்த்துச் சந்தோசப்படுகிற பெண்சாதியும் இந்த உலகத்தில் இருக்கிறாள், என்ன செய்வது. செவ்வாய்க்கிழமை காலை எழும்பிப் பார்த்தேன், அவர் கட்டிலில் கிடந்தார். புதன்கிழமையும் கிடந்தார். நான் குசினிக்குள் போய் நின்று அழுதேன்.

முதல் ஆறு கிழமை முதலாளி சம்பளம் தந்தார். பிறகு காப்புறுதி தந்த சுகயீனக் கொடுப்பனவு அதைவிடக் குறைவு. என்னுடைய அரைநாள் சம்பளத்தோடு சேர்த்தாலும் இரண்டு வாடகைக்குக் காணாது. அரசாங்க உதவிக்கு விண்ணப்பிக்கத்தான் வேண்டும். எங்கள் பகுதியில் யாருக்குக் கடிதம் வந்தாலும் வாசித்து, படிவம் நிரப்பிக் கொடுக்கிற அண்ணை ஒருவர் இருக்கிறார். காசு வாங்க மாட்டார், தேத்தண்ணீர் மட்டும் குடிப்பார். அவர் வந்து மேசையில் கடதாசிகளைப் பரப்பினார்.

"தங்கச்சி, உங்களுக்கு அதிட்டம்" என்றார். "பதிவிலை நீங்கள் இஞ்சை தனிய, அவர் அங்கை தனிய. பதினொரு வருசமாய் அப்பிடித்தான் கிடக்கு. பிரிஞ்சு வாழுறம் எண்டு போட்டால் ஆளாளுக்குத் தனி அன்ட்ராக், தனி விண்ணப்பம் போடலாம். தனி ஆளுக்குக் கூடுதலாய்த் தருவாங்கள். அந்த அறை வாடகையையும் கேக்கலாம். புருசன் பெண்சாதி எண்டு ஒண்டாய்ப் போட்டால் குறைச்சல்தான்."

"நாங்கள் பிரிஞ்சு இருக்கேல்லையே, அண்ணை."

"கடதாசியிலைதான், தங்கச்சி. உங்கடை வீட்டுக்குள்ளை ஆர் வந்து பாக்கப் போறாங்கள்?"

நான் என் மனுசனைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்வார், உது என்ன கதை என்று சீறுவார் என்று பார்த்துக்கொண்டு இருந்தேன். அவர் யோசிக்கவே இல்லை.

"ஓம் அண்ணை, அப்பிடியே போடுங்கோ. எனக்கு அந்த அறை வேணும்."

பிரிந்து வாழ்கிறோம் என்ற கட்டத்துக்குள் அண்ணை புள்ளடி போட்டார். இவர் இடது கையால், சின்னப்பிள்ளை எழுதுகிற மாதிரி, நாக்கைக் கடித்துக்கொண்டு கையெழுத்து வைத்தார். காசுக்காகச் சொல்கிற பொய் என்றால் நான் பொறுத்திருப்பேன். குப்பைக் காசுக்காகப் பொய் சொன்னவள்தானே நான். ஆனால் அந்த அறை வேண்டும் என்றாரே, அதுதான் என்னைச் சுட்டது. பதினொரு வருடமாக நான் காத்துக்கொண்டிருந்தது இவருக்கு விளங்கவே இல்லையா? அல்லது இவருக்கு அந்தத் தனிமை பிடித்துவிட்டதா? மூன்று நாள் நான் அளந்துதான் கதைத்தேன்.

உதவி கொடுக்கிற அலுவலகத்தில் எங்களுக்கு டெர்மின் தந்திருந்தார்கள், நாளும் நேரமும் குறித்து, இரண்டு பேரையும் நேரில் வரச் சொல்லி. அன்று காலை அவருக்குச் சட்டைப் பொத்தான் பூட்டிவிட்டுக்கொண்டு நின்றேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அங்கை என்ன கிடக்கு எண்டு அந்த அறை உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்டும் இல்லை. ஒரு கட்டில்."

"அப்ப?"

"நீர் அங்கையும் கிழவர்மாரின்ரை உடுப்புத் தோய்க்கிறீர். இஞ்சை வந்து எனக்குப் பொத்தான் பூட்டுறீர். எத்தினை நாளைக்கு?"

"நான் உங்களிட்டைக் கணக்குக் கேட்டனானோ?"

"கேக்க மாட்டீர். அதுதான் எனக்கு ஏலாமக் கிடக்கு."

"விசர்க்கதை கதையாதேங்கோ" என்று சொல்லி, கடைசிப் பொத்தானைக் கழுத்து இறுகப் பூட்டிவிட்டேன். இருமினார். நான் தளர்த்தவில்லை.

அலுவலகத்துக்குப் பேருந்தில் போனோம். நான் ஒரு முடிவோடுதான் போனேன். அங்கே நான் வாயைத் திறப்பதில்லை. என்னோடு இருக்கிறதென்றால் அவராக விரும்பி இருக்க வேண்டும். நான் பிடித்து வைத்து அவர் இருந்தால் அது எனக்கு வேண்டாம்.

உத்தியோகத்தர் எங்கள் மகளைவிட இரண்டு மூன்று வயது கூடிய பெண். எங்கள் படிவங்கள் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து வாசித்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள். நான் அவருடைய மேற்சட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அவருடைய வலது கை மேசையிலிருந்து வழுகாமல் இருக்க, யோசிக்காமலே, என் கையை அதன்மேல் வைத்திருந்திருக்கிறேன். அவள் அதைப் பார்த்தது தெரிந்ததும் எடுக்கப் போனேன். எடுத்தால் அது விழுந்துவிடும். அப்படியே விட்டேன்.

"இதை நான் உங்களிடம் நேரடியாகக் கேட்க வேண்டும்" என்று அவரிடம் மெதுவான ஜெர்மனில் சொன்னாள். "நீங்கள் இருவரும் பிரிந்து வாழ்கிறீர்களா?"

அவர் படிவத்திலிருந்த புள்ளடியைப் பார்த்தார். ஓம் என்று சொல்லிவிட்டால், கை சரியானாலும் சரியாகாவிட்டாலும் இந்த மனுசன் போய்விடுவார், நான் திரும்பவும் சீனிப் போத்தலோடுதான் என்று நினைத்தேன்.

"இல்லை" என்றார், குசினியில் படித்த தன் ஜெர்மனில். "நான் வேலைக்குப் போனேன். அவ்வளவுதான்."

"பதினொரு வருடங்களாகவா?"

"ஓம். நீண்ட வேலை."

அவள் சிரிக்கவில்லை. அப்படியென்றால் இருவருக்கும் ஒரே விண்ணப்பம்தான், ஒரே குடும்பமாகத்தான் பார்க்கப்படும், தொகை குறையும், ஹாலே அறை வாடகையைக் கணக்கில் எடுக்க முடியாது, நகரப் பதிவையும் மாற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் அவர் ஓம் என்று தலையாட்டினார். அந்த அறை போனது. அண்ணை கேட்டால் தலையில் கை வைப்பார் என்று நினைத்தேன். வைக்கட்டும்.

அவள் புதுப் படிவம் ஒன்றை எடுத்து எங்கள் பக்கம் திருப்பினாள். ஒரு கட்டத்தைக் காட்டி, எந்தத் திகதியிலிருந்து ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்கிறீர்கள் என்று எழுதச் சொன்னாள். கையெழுத்துக்கு மேல் அவரால் எழுத ஏலாது. பேனை என்னிடம் வந்தது.

"கலியாணத் திகதியைப் போடும்" என்று தமிழில் சொன்னார். "நாங்கள் ஒருநாளும் பிரிஞ்சு இருக்கேல்லை."

அவர் பிரிந்து இருக்கவில்லைத்தான். நான் இருந்தேன். பதினொரு வருடம், கிழமையில் ஆறு நாள். பேனையைப் பிடித்தபடி அதை அவருக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இருந்தேன். பிறகு குனிந்து அன்றைய திகதியை எழுதினேன்.

அவர் கழுத்தை நீட்டி வாசித்தார். நன்றாகக் கிடந்த இடது கையை மேசைக்கு மேலால் கொண்டுவந்து என்னிடமிருந்து பேனையை வாங்கி, நான் எழுதியதற்குக் கீழே, மிகவும் நேரம் எடுத்து, கையெழுத்து வைத்தார்.