முந்நூற்று இருபது ஜிஎஸ்எம் ஊர்

உலகத்துத் தட்பவெப்பம் முழுவதையும் ஐந்து எழுத்தில் அடக்கிவிடலாம் என்று கல்லூரியில் படித்தேன். ஏ வெப்ப மண்டலம், பி வறண்டது, சி மிதமானது, டி கடுங்குளிர், ஈ துருவப் பனி. புவியியல் பட்டத்தோடு, பனியன் கம்பெனிகள் நிறைந்த வேலம்பாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகுதான், இங்கே அதற்கு வேறு கணக்கு இருப்பது தெரிந்தது. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் இருக்கிறதோ அதுதான் ஜிஎஸ்எம். இந்த ஊர்க்காரர்கள் நாடுகளை அதை வைத்துத்தான் பிரிப்பார்கள். ஸ்பெயின் எப்படிப்பட்ட நாடு என்று என் கணவரைக் கேட்டால், "சிங்கிள் ஜெர்ஸி, அம்மணி" என்பார், மெல்லிய பனியன் துணி போதும் என்ற அர்த்தத்தில். சித்திரை வெயிலில் முதுகெல்லாம் நனைய நின்றுகொண்டு, "வின்டர் ஓடிட்டிருக்குதுங்க, தலைக்கு மேல வேலை" என்று வந்தவர்களிடம் சொல்வார். ஐரோப்பாவின் குளிர்காலத்துக்கு இங்கே சித்திரையில்தானே தைத்தாக வேண்டும். புது மணப்பெண்ணாக இருந்தபோது அதைக் கேட்டு முழித்திருக்கிறேன்.

அதுவரை பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த என் கணவருக்கு, முதன்முறையாக நேரடியாகவே துணி வாங்குகிற ஒரு வெளிநாட்டு பையர் கிடைத்தார். நார்வேயின் மேற்குக் கரையில் ஒரு துறைமுக ஊரைச் சேர்ந்த பெண்மணி. அங்கே துணிக்கடைகள் வைத்திருக்கிறார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. கைப்பேசியில் வானிலை பார்க்கும் இடத்தில் அந்த ஊரை முதலில் வைத்துக்கொண்டார். எங்கள் ஊர் அதற்குக் கீழே போய்விட்டது. காலையில் பல் துலக்கும் முன்பே, "அங்க இன்னிக்கு ஏழு டிகிரி" என்று என்னிடம் சொல்வார். எனக்குக் காய்ச்சல் அடித்த நாளில்கூட என் சூடு எத்தனை என்று கேட்காத மனிதர்.

தப்பாக நினைக்க வேண்டாம். அந்த அம்மாளுக்குத் தலை முழுக்க நரை. என் கணவரும் அந்த மாதிரி ஆள் இல்லை. என் பொறாமை வேறு. அவள் பேசினால் இவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார். நான் பேசினால் தலையை ஆட்டிக்கொண்டே கைப்பேசியைப் பார்க்கிறார்.

சாம்பிளுக்குத் துணி எடுத்த அன்று என் கண்முன்னாலேயே முந்நூற்று இருபது ஜிஎஸ்எம் ஃப்ளீஸை விரித்தார். உள்பக்கம் பஞ்சு எழுப்பிய கனத்த துணி. உலக வரைபடத்தில் அவ்வளவு மேலே இருக்கிற ஊர், பனி கொட்டோ கொட்டென்று கொட்டும் என்பது அவர் கணக்கு.

"ஏனுங்க, அது மேல இருந்தாலும் அத்தனை குளிர் ஊரு இல்லீங்க" என்றேன். "அட்லாண்டிக் கடல்ல தெக்க இருந்து ஒரு வெப்ப நீரோட்டம் அந்தக் கரை வரைக்கும் போகுது. அதனால துறைமுகம் உறையறதே இல்லை. பனியைவிட மழைதான் ஜாஸ்தி. கனம் குறைச்சலா, தண்ணி ஒட்டாத துணி குடுங்க."

வரைபடத்தில் அதே உயரத்தில், கடலுக்கு அந்தப் பக்கம் கனடாக் கரையில் குளிர் நீரோட்டம் இறங்குவதையும், அங்கே கடலே உறைந்து கிடப்பதையும் சொன்னேன். தோசைக்கல்லில் எண்ணெய் தேய்க்கிற கையோடு உலகத்தையே வரைந்து காட்டினேன்.

"சரி சரி, சட்னி வை" என்றார்.

ஃப்ளீஸ்தான் போயிற்று. அது திரும்பி வந்துவிட்டால் முதல் பையரும் போய்விடுவார், மறுபடி கம்பெனிகளின் வாசலில் நிற்க வேண்டும் என்று எனக்குப் பயம். திரும்பி வந்தால் அப்போதாவது என் பேச்சு ஏறும் என்று ஒரு ஆசையும் இருந்தது.

அவளுக்குக் காலையென்றால் நமக்கு மதியம். அப்படி ஒரு மதியம் பேசி முடித்துவிட்டு, சாப்பிட வந்தவர் முகமெல்லாம் பல்லாக நின்றார்.

"அம்மணி, உனக்கு ஒண்ணு தெரியுமா? அந்த ஊர்ல பனியே கம்மியாமா. மழைதானாமா. கடல்ல சுடுதண்ணி ஓடி வருதாமா! அந்தம்மா என்னமா வெவரம் தெரிஞ்சவங்க! கனம் கொறச்சு, தண்ணி ஒட்டாத துணியில வேற சாம்பிள் கேட்டிருக்காங்க."

நான் சாதம் போட்டுக்கொண்டிருந்தேன். "அப்படீங்களா" என்று மட்டும் சொன்னேன். கொடுத்துவைத்தவள்! அவள் வாசலுக்குக் கடலே வெதுவெதுப்பாக வந்து நிற்கிறது. நான் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிறேன். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் வீட்டில் என் வாயிலிருந்து வந்த வார்த்தையை, அவள் வாயிலிருந்து வந்ததாக என்னிடமே கொண்டுவந்து கொடுக்கிறாரே!

புது சாம்பிள் அவளுக்குப் பிடித்துப்போனது. ஆர்டரை உறுதி செய்ய ஆடி மாதம் ஒரு நாள் வீடியோவில் வந்தாள். எங்கள் ஜன்னல் கதவுகள் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தைக் கேட்டு, இவ்வளவு காற்றா, மழை வரப்போகிறதா என்று கேட்டாள். இவர், "நோ ரெய்ன் மேடம், ஒன்லி விண்ட்" என்றார். ஏன் என்று கேட்டாள். இவர் மறுபடியும், "விண்ட் மேடம், விண்ட்" என்றார்.

மோர் கொண்டுவந்த நான் டம்ளரை வைத்துவிட்டு, யாரும் கூப்பிடாமலே முன்னால் போய் உட்கார்ந்தேன். என் துருப்பிடித்த கல்லூரி ஆங்கிலத்தில் சொன்னேன். கடலிலிருந்து வரும் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போதே மழையை அந்தப் பக்கம் கொட்டிவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக எங்களுக்கு வந்து சேர்வது வெறுங்காற்று. மழை மறைவுப் பிரதேசம். பி என்ற எழுத்தில் வருகிற ஊர் எங்களுடையது, உங்களுடையது சி.

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். தன் நாட்டிலும் அப்படித்தான் என்றாள். மலை மழையைத் தன் ஊரிலேயே இறக்கி வைத்துவிடுவதால், மலைக்கு அப்பால் இருக்கும் தலைநகரில் மழை குறைவாம். நான் நீரோட்டத்தைப் பற்றிக் கேட்டேன், அவள் சொன்னாள், அவள் விட்டதை நான் சொன்னேன். ஆர்டரை மறந்து இருவரும் கடலில் இருந்தோம். அந்த நேரத்தில் அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கடைசியில் அவள் என் கணவரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். காற்றுச் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

கைப்பேசியை வைத்துவிட்டு இவர் என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை. பட்டம் வாங்கின அன்றுகூட எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. மோரை எடுத்துக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, ஆச்சரியம் அடங்காத குரலில் சொன்னார்:

"அம்மணி, உனக்கு ஜியாகரபி நல்லாத் தெரியுமாமா. அந்தம்மா சொன்னாங்க."